வாசகர் கேள்வி – பதில்: நெளியும் மண்டபத் தூண்கள்

கேள்வி: 1992-இல் நடந்த எங்கள் திருமண வீடியோ கேசட்டைப் பழைய வி.சி.ஆர். வழியாகக் கணினியில் ஏற்றினேன். தொலைக்காட்சியில் ஒழுங்காகத் தெரிந்த படம், கணினியில் மேல்பக்கம் சாய்கிறது. மண்டபத் தூண்கள் நெளிகின்றன. யாராவது கையசைத்தால் ஓரத்தில் சீப்புப் பல் போலக் கோடுகள் விழுகின்றன. அடியில் ஒரு பட்டை ஓயாமல் துடிக்கிறது. மென்பொருளால் இவற்றைச் சரிசெய்யலாமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: சீப்புப் பற்களும் அடிப்பட்டையும் கோளாறுகளே அல்ல. நம் நாட்டு வீடியோ கேசட்டுகள் பின்பற்றும் பால் (PAL) என்னும் வண்ணத் தொலைக்காட்சி முறையில் ஒரு நொடிக்கு 50 அரைப்படங்கள் பதிவாகின்றன. ஒற்றைப்படை எண் கோடுகள் ஒன்றிலும் இரட்டைப்படை எண் கோடுகள் மற்றொன்றிலுமாக, நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு இடைவெளியில் எடுக்கப்பட்ட இவற்றைக் கணினி ஒரே படமாகக் கோத்துக் காட்டுவதால்தான் அசையும் கை இரண்டாகப் பிரிந்து தெரிகிறது. கணினியில் ஏற்றும்போது இதை மாற்றாமல் அப்படியே பதிந்து வைத்துக்கொண்டு, பின்னர் ஒரு நகலில் மட்டும் நொடிக்கு 50 முழுப்படங்களாகப் பிரித்தால் அசைவும் இயல்பாக இருக்கும், மூலமும் கெடாது. அடிப்பட்டை, டெக்கின் (அதாவது வி.சி.ஆரின்) சுழலும் உருளையில் உள்ள, டேப்பைப் படிக்கும் இரண்டு ஹெட்டுகளில் ஒன்று படித்து முடித்து மற்றது தொடங்கும் இடம். பழைய தொலைக்காட்சிகள் படத்தின் ஓரங்களைத் திரைக்கு வெளியே தள்ளிவிட்டதால் அது நம் கண்ணில் பட்டதில்லை. அந்தச் சில கோடுகளைக் கறுப்பால் மறைத்துவிட்டால் போதும்.

மேல்பக்கம் சாய்வதும் தூண்கள் நெளிவதும்தான் உண்மையான சிக்கல். டேப் இழுபட்டிருந்தாலோ, டெக் அதை இழுக்கும் விசை சீராக இல்லாவிட்டாலோ, திரையின் ஒவ்வொரு கோடும் தொடங்க வேண்டிய கணத்திற்குச் சற்று முன்பின்னாகத் தொடங்கும். பிக்சர் டியூப் தொலைக்காட்சி அந்தத் தள்ளாட்டத்தைப் பெரிதும் ஈடுகட்டிவிடும். வீடியோவைக் கணினியில் ஏற்றும் கேப்சர் கருவியோ ஒவ்வொரு கோட்டையும் வந்த இடத்திலேயே பதிந்துவிடுகிறது. பதிந்த பிறகு மென்பொருளால் அதை நேராக்குவது மிகக் கடினம். ஆகவே படம் கணினிக்குள் நுழையும் முன்பே சரிசெய்ய வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். டைம் பேஸ் கரெக்டர் என்னும் நேரத் திருத்தி உள்ள எஸ்-வி.எச்.எஸ். (சாதாரண வி.எச்.எஸ்.ஸை விடத் தரம் கூடிய வகை) டெக் கிடைத்தால் நல்லது; கிடைக்காவிட்டால், சில டி.வி.டி. ரெக்கார்டர்களை இடையில் இணைத்தாலும் நெளிவு வெகுவாகக் குறையும். அதற்கும் முன்பாக, வேறொரு டெக்கில் அதே கேசட்டைப் போட்டுப் பாருங்கள். கேசட்டின் மீது சுமத்தும் பழி பல நேரங்களில் டெக்கினுடையதாகவே இருக்கிறது.

படம் முழுவதும் வெள்ளைப் பொறிகள் பறந்தால், முதலில் டெக்கின் டிராக்கிங்கை, அதாவது ஹெட்டுகளை டேப்பின் தடத்தோடு பொருத்தும் குமிழை, மெல்லத் திருப்பிப் பாருங்கள். அடங்காவிட்டால் ஹெட்டில் அழுக்கு படிந்திருக்கக்கூடும். மின் இணைப்பைக் கழற்றிவிட்டு, நாரில்லாத மென்தோல் துண்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்து, உருளைமேல் அசையாமல் வைத்துக்கொண்டு, உருளையை மட்டும் கையால் சுற்ற வேண்டும். மேலும் கீழுமாகத் தேய்த்தால் ஹெட்டின் நுனி ஒடிந்துவிடும். பஞ்சுக்குச்சி வேண்டாம், அதன் நார் ஹெட்டில் சிக்கும்.

தாலி கட்டும் இடத்தில் மட்டும் படம் கூடுதலாகச் சிதறுகிறதா என்று கவனியுங்கள். எல்லாரும் திரும்பத் திரும்ப நிறுத்திப் பார்க்கும் இடம் அது. நிறுத்தி வைக்கும்போது டேப் நகராமல் நிற்க, ஹெட்டுகள் அதே இடத்தையே உரசிக்கொண்டிருக்கும். அந்தப் பகுதியை மட்டும் இரண்டு மூன்று முறை ஏற்றி, நன்றாக வந்ததைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கேசட்டின் கண்ணாடிச் சாளரம் வழியாகப் பார்த்தால் டேப் சுருளில் வெள்ளைப் பூப்போல ஏதோ படிந்திருக்கிறது. ஓடவிடலாமா?
– வாசகர், நாகப்பட்டினம்

பதில்: தயவுசெய்து ஓடவிடாதீர்கள். அது பெரும்பாலும் பூஞ்சைதான். ஒருமுறை ஓடவிட்டால் அது டெக்கின் உள்ளே பரவி, அடுத்து நீங்கள் போடும் நல்ல கேசட்டிலும் ஒட்டிக்கொள்ளும். அந்தக் கேசட்டைத் தனியாக ஒரு உறையில் இட்டு, ஈரமில்லாத இடத்தில் வைத்து, டேப்பைத் துடைத்துத் தரும் அனுபவமுள்ளவரிடம் கொடுங்கள்.

கேள்வி: அமெரிக்காவிலிருந்து அண்ணன் அனுப்பிய கேசட் என் டெக்கில் நிறமில்லாமல் உருள்கிறது. கெட்டுவிட்டதா?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: கெடவில்லை என்றே தோன்றுகிறது. கேசட் காலத்தில் அங்கே 525 கோடுகள் கொண்ட என்.டி.எஸ்.சி. முறை, இங்கே 625 கோடுகள் கொண்ட பால் முறை. இரண்டையும் படிக்கும் டெக்கில் போட்டு, கேப்சர் மென்பொருளிலும் முறையை என்.டி.எஸ்.சி. என மாற்றிய பிறகு ஏற்றுங்கள்.