சவுக்குக் கழி

வணக்கம். மேடவாக்கத்தில் 64 வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்பில் சங்கச் செயலாளராக இருக்கிறேன். பொங்கல் விளையாட்டு, கொலு, மொட்டைமாடி யோகா என்று எதை ஏற்பாடு செய்தாலும் பத்துப் பேர்தான் வருகிறார்கள். வாட்ஸ்அப் குழுவில் எப்போதும் பார்க்கிங் சண்டை. சொந்த வீட்டுக்காரர்களாவது எட்டிப் பார்க்கிறார்கள். வாடகைக்கு இருப்பவர்கள் வருவதே இல்லை. எல்லோரையும் ஒன்றுசேர்க்க என்ன வழி?

க.

அன்புள்ள க.,

பார்க்கிங் சண்டைக்குத் தரையில் எண் எழுதுங்கள், பாதி அடங்கும். யோகாவை விட்டுவிடுங்கள். வாடகைக்காரர்களைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

2015 டிசம்பர் 1. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்ட நாள். ஜாபர்கான்பேட்டையில், அடையாற்றுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தோம். இரவு, மின்சாரம் இல்லை, கீழ்த்தளத்தில் இடுப்பளவு தண்ணீர். சம்ப்பின், அதாவது தரையடித் தண்ணீர்த் தொட்டியின், மூடியை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. அந்தக் கறுப்புத் தண்ணீருக்கடியில் ஆளை விழுங்கும் பள்ளம் எங்கே வாய் திறந்திருக்கிறது என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை. மூன்றாம் மாடியில் வாடகைக்கு இருந்த இளைஞருக்குத் தெரிந்தது. தினமும் காலையில் மோட்டார் போட்டவர் அவர்தான். மொட்டைமாடியில் துணிக்கொடி கட்டியிருந்த சவுக்குக் கழியைப் பிடுங்கி வந்து, காலால் துழாவி, சம்ப்புக்குள் இறக்கி நிறுத்தினார். நுனியில் தன் சிவப்புத் துண்டைக் கட்டினார். கீழ்வீட்டுப் பாட்டியைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கியவர்கள் அந்தத் துண்டைப் பார்த்துத்தான் ஒதுங்கி நடந்தார்கள்.

அடுத்த ஏப்ரலில் பொதுக்குழு. சம்ப்பைச் சுற்றிச் சுவர் எழுப்ப வேண்டும் என்று அவர் எழுந்து சொன்னார். "இது ஓனர்கள் கூட்டம் தம்பி, உட்காருங்கள்" என்றார் ஒருவர். அவர் உட்காரவில்லை. படியேறிப் போய்விட்டார். நானும் ஓனர்தான், வாயைத் திறக்கவில்லை. இன்றுவரை அது என்னை அறுக்கிறது.

நீங்களும் அதையேதான் செய்கிறீர்கள். உங்கள் குடியிருப்பில் மாதாமாதம் பராமரிப்புத் தொகையை யார் கட்டுகிறார்கள்? லாரித் தண்ணீருக்கு யார் பங்கு தருகிறார்கள்? வீடு கேட்டு வந்தவரிடம் கல்யாணம் ஆகிவிட்டதா, கறி சமைப்பீர்களா என்று குடைந்துவிட்டு, பதினொரு மாத ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிவிட்டு, பொங்கலன்று சாக்கு ஓட்டத்துக்குக் கூப்பிட்டால் எப்படி வருவார்? 2022-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் உரிமையாளர் சங்கத்தைத்தான் பேசுகிறது என்பீர்கள். இருக்கட்டும், ஓட்டுரிமையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மனிதரை எழுந்து பேச விடுவதற்கு எந்தச் சட்டம் குறுக்கே நிற்கிறது?

உங்களுக்கு நல்ல மனசு. இல்லாவிட்டால் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டீர்கள். அடுத்த கூட்டத்துக்கு நோட்டீஸ் ஒட்டாதீர்கள். 64 கதவையும் நீங்களே தட்டுங்கள். உள்ளே இருப்பவரின் பெயரைக் கேட்டு, கூட்டத்தில் பேச வாருங்கள் என்று சொல்லுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் முடித்துவிடுங்கள்.