எழுத்து தெரிகிறது, வாசிக்க வரவில்லை

கேள்வி: மகனுக்கு எட்டு வயது. எழுத்துகளைத் தனித்தனியாகச் சொல்கிறான். சொல்லாகச் சேர்க்கத் திணறுகிறான். பழகிய பாடத்தை மட்டும் கடகடவென்று ஒப்பிக்கிறான். 247 எழுத்துகளையும் மறுபடி எழுத வைக்கலாமா?

பதில்: வேண்டாம். கைதான் வலிக்கும். பார்வையையும் செவித்திறனையும் முதலில் சோதித்துவிடுங்கள். பிறகு, எங்கே சிக்குகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். 'படம்' என்பதில் முதல் எழுத்தை எடுத்தால் மிச்சம் என்ன என்று வாய்மொழியாகக் கேளுங்கள். 'டம்' என்று சொல்ல வரவில்லையென்றால், ஒலியைப் பிரித்துக் கேட்பதிலேயே தடை இருக்கிறது. சில வாரங்களுக்கு இந்த விளையாட்டுதான் பாடம். சொல்லிவிட்டால், 'தெகு', 'லோமி' என்று பொருளற்ற சொற்களை எழுதிக் காட்டுங்கள். மனப்பாடம் இங்கே கைகொடுக்காது.

பலரும் இடறுவது கொம்பில். 'தெ'யில் ஒற்றைக்கொம்பு கண்ணில் முதலில் படுகிறது, அதன் ஒலியோ மெய்க்குப் பின்னால் வருகிறது. 'தொ'வில் குறி இருபுறமும் நிற்கிறது. அதனால் துணைக்கால், இகரம், கொம்புகள், கடைசியாக ஒகர ஓகாரம் என்று போங்கள். ஐந்தாறு மெய்கள் போதும். குறியை வேறு நிறத்தில் எழுதுங்கள். கு, சு, து, மு ஆகியவற்றில் உகரம் ஒவ்வொரு விதமாக வளைவதால் அவற்றை ஒவ்வொன்றாகத்தான் பழக்க முடியும், அவசரம் கூடாது. ன-ண, ர-ற, ல-ள இணைகளை ஒரே வாரத்தில் எடுத்தால் குழப்பம் இரட்டிப்பாகும்.

நாளுக்கு 15 நிமிடம். 40 சொல் அளவுள்ள பத்தியை நீங்கள் விரல் வைத்து வாசியுங்கள், அடுத்து இருவரும் சேர்ந்து, பிறகு அவன் தனியாக. தடுமாறினால் ஐந்து விநாடி பொறுத்து, சிக்கிய எழுத்தை மட்டும் காட்டுங்கள். முழுச் சொல்லையும் உடனே எடுத்துக் கொடுத்தால் அடுத்த முறையும் உங்கள் முகத்தைத்தான் பார்ப்பான். பத்துச் சொல்லில் ஒன்றுக்கு மேல் தவறாக வாசித்தால் பத்தியை மாற்றுங்கள். அறிவியல் பாடத்தை நீங்களே வாசித்துக் காட்டி வாயால் பதில் கேளுங்கள். வாசிப்பு பின்தங்குவதால் மற்றதும் பின்தங்க வேண்டுமா என்ன?

மூன்று நான்கு மாதம் விடாமல் செய்தும் அசைவில்லை என்றாலோ, குடும்பத்தில் வேறொருவருக்கும் இதே திணறல் இருந்தாலோ, டிஸ்லெக்சியாவுக்கான, அதாவது வாசிப்பில் வரும் கற்றல் சிரமத்துக்கான மதிப்பீடு தேவை. அது அறிவுக் குறைவும் அல்ல, சோம்பலும் அல்ல. மதிப்பீட்டுக்குப் போகும்போது அவன் சொந்தமாக எழுதிய நோட்டையும், தடுமாறிய சொற்களின் பட்டியலையும் கொண்டுபோங்கள். மதிப்பெண் அட்டையைவிட அவை அதிகம் சொல்லும்.