இருபது வேறுபாடு வேண்டாம், ஒரு காட்சி போதும்

ஜேன் ஆஸ்டினின் ‘ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்’ நாவலுக்கும் அதன் 2005 படத்துக்கும் இருபது வேறுபாடு எழுதிக் கொடுத்தும், “இதில் ஆய்வு எங்கே?” என்று ஆசிரியர் திருப்பிவிட்டதாக எழுதியிருந்தீர்கள். ஒரே காட்சியைப் பிடியுங்கள்: பணக்கார நாயகன் டார்சி முதல்முறை நாயகி எலிசபெத்திடம் திருமணம் கேட்பதும் அவள் மறுப்பதும்.

நாவலில் அது 34ஆம் அத்தியாயம், எலிசபெத்தின் உறவினர் காலின்ஸின் வீட்டுக்குள். படம் அதை வெளியே, கொட்டும் மழைக்குக் கொண்டுபோகிறது. இதை மட்டும் எழுதினால் மறுபடியும் பட்டியல்தான். யார் பேசுகிறார் என்று பாருங்கள். காதலைச் சொல்லும்போது ஆஸ்டின் டார்சிக்குத் தருவது ஓரிரு நேர்வரிகள்தான். அவள் குடும்பம் தாழ்ந்தது என்று அவன் நீட்டிச் சொன்னதையெல்லாம் கதைசொல்லியே சுருக்கிவிடுகிறார். அதனால் அவன் தவிப்பைவிட அவள் கோபமே நமக்கு நெருக்கமாகிறது. படத்தில் அவனே பேசியாக வேண்டும். முகங்களும் நெருங்கி வர, கோபத்தோடு ஈர்ப்பும் கலந்துவிடுகிறது. எனக்கு அந்தக் காட்சி மிகவும் பிடிக்கும், ஆனால் அது வேறொரு எலிசபெத்.

அடுத்து, அவள் மறுத்தபின் டார்சி தன் தரப்பை விளக்கி எழுதும் கடிதம். நாவலில் முழுக் கடிதமும் உண்டு; 36ஆம் அத்தியாயத்தில் அவள் அதைத் திரும்பத் திரும்பப் படித்துத் தன் தவறை உணர்கிறாள். படத்தில் அது சுருக்கமான பின்னணிக் குரல். மனம் மாறுவதைக் கேமரா எப்படிக் காட்டுகிறது என்ற கேள்வியிலிருந்து கட்டுரையைத் தொடங்குங்கள். 34 முதல் 36 வரை மறுபடி படித்துவிட்டு, அந்த மழைக்காட்சியை ஒருமுறை ஒலியில்லாமல் பாருங்கள்.