விருது குடுத்தாங்க, சொன்னத கேட்டாங்களா?

கேள்வி: பூமி சூடாகுறத தடுக்கச் சொல்லி ஸ்கூல் போகாம ரோட்டுல உக்காந்த சுவீடன் புள்ள கிரேட்டா துன்பெர்க்க 16 வயசுலயே டைம் சஞ்சிகை 2019ஆம் வருஷத்து மனிதரா தெரிவு செஞ்சிச்சு. இதப் பாத்து நம்ம தோட்டத்துப் புள்ளைகளும் படிப்ப விட்டுட்டு விருதுக்கு அலையாதா?
- ஒரு வாசகர், அட்டன்

பதில்: அந்தப் புள்ள விருதுக்கு அலைஞ்சான்னு எத வச்சு சொல்றீங்க? 2018 ஆகஸ்ட்ல சுவீடன் பார்லிமென்ட் முன்னால ஒரு போர்ட வச்சுக்கிட்டு உக்காந்தப்போ வயசு 15, முதல் நாள் பக்கத்துல உக்கார ஒருத்தரும் இல்ல. அடுத்த வருஷம் வட ஐரோப்பிய நாடுகளோட கூட்டமைப்பான நோர்டிக் கவுன்சில் சுற்றாடல் விருதும் மூன்றரை லட்சம் டேனிஷ் குரோனும் குடுக்க வந்தப்போ வேணாம்னுட்டா, இனியும் விருது தேவயில்ல, அதிகாரத்துல இருக்கவங்க விஞ்ஞானம் சொல்றத கேட்டா சரின்னுதான் அவ காரணம் சொன்னது.

படிப்பு கெட்டுரும்ங்கிற பயம் நியாயமானது, தோட்டத்த விட்டு மேல வர நம்ம சனத்துக்கு இருக்கிற பெரிய வழியே அதுதான். ஆனா மீரியபெத்த தோட்டத்துல நடந்தத மறந்துட்டு இத பேச முடியாதுங்க. 2014 அக்டோபர் 29ஆம் திகதி காலைல கொஸ்லாந்தை பக்கம் மலை சரிஞ்சு லயத்த மூடிருச்சு, ஸ்கூலுக்குப் போனதால தப்பின புள்ளைக திரும்பி வந்தப்போ வீடும் இல்ல, சில புள்ளைகளுக்கு அம்மா அப்பாவும் இல்ல. அந்த இடம் ஆபத்துன்னு தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் வருஷக்கணக்கா முந்தியே சொல்லியிருந்துச்சு. சொன்னவங்க படிச்ச நிபுணருங்க, கையில ரிப்போர்ட் இருந்துச்சு, அப்பயும் அந்த சனத்த பாதுகாப்பான காணியில குடியேத்தல. அப்ப ஒரு புள்ள ரோட்டுல உக்காந்து உலகத்தையே திரும்பிப் பாக்க வச்சத விளம்பரம்னு எப்படி தள்ளிவிடுறது?

எனக்கு இதுல கோவம் வேற இடத்துல. 2020 ஜனவரில உலகப் பொருளாதார மாநாடு நடந்த சுவிஸ் ஊரு டாவோஸ்ல கிரேட்டாவோட நின்ன, அவள மாதிரியே காலநிலைக்காகப் போராடுற உகண்டாக்காரி வனெசா நகாட்டேய ஒரு பெரிய செய்தி நிறுவனம் போட்டோல இருந்து வெட்டிட்டாங்க, மிச்சம் இருந்த நாலு பேரும் வெள்ளக்காரப் புள்ளைக. அவ பகிரங்கமா கேட்ட பொறகுதான் மன்னிப்பு வந்துச்சு. மழை தப்பினா சோறு தப்புற நாட்டுப் புள்ளைகளதான் முதல்ல வெட்டி விடுறாங்க, நம்ம புள்ளைகளும் அந்தக் கூட்டந்தான்.

நாமளும் செய்றது என்ன, மேடைக்கு கூப்பிட்டு பொன்னாடை போத்தி ஷீல்ட் குடுத்து போட்டோ எடுத்துர்றோம், ஆனா லயத்துக்கு மேல மரம் வெட்டுறாங்க, ஊத்துத் தண்ணிக்கு மேல மருந்து அடிக்கிறாங்கன்னு அதே புள்ள சொன்னா உனக்கு எதுக்கு இந்த வேலன்னு அடக்குறோம், வீட்டுலயுந்தான், ஸ்கூல்லயுந்தான். உங்க டிவிஷன்ல அப்படி வாய தொறந்து சொல்ற புள்ள இருந்தா எங்களுக்கு எழுதுங்க. போட்டோ இல்லாட்டி பரவால்ல, எந்த இடம், என்ன நடக்குது, யார்கிட்ட முறையிட்டாங்க, அத எழுதுங்க, விசாரிச்சுட்டு முதல் பக்கத்துல போடுறோம்.