கம்பெனி கைவிட்ட டிடிஎஸ் (எழுத்தைப் பேச்சாக்குற) குரலை நாமளே ஓட வைக்கலாமா? கேள்வி பதில்

பார்வையில்லாதவங்களுக்கு திரையில இருக்குறத படிச்சுக் காட்டுற ஸ்க்ரீன் ரீடர்ல காலங்காலமா கேட்டுப் பழகுன குரல விக்கிறத நிறுத்திட்டா, அத நாமளே திரும்ப ஓட வச்சா தப்பான்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. சிலதுக்கு இங்க பதில் சொல்றேன்.

கேள்வி: அண்ணா, எலோக்வன்ஸ்ங்கிற பழைய ஸ்க்ரீன் ரீடர் குரல பண்ணுன கம்பெனியே இப்ப இல்ல. அப்புறம் யாருகிட்ட பர்மிஷன் கேக்குறது?

பதில்: கம்பெனி இல்லன்னா ஓனர் இல்லன்னு ஆயிடாது தம்பி. அமெரிக்காவுல இத்தாக்கால இருந்த ஒரு சின்ன கம்பெனி பண்ணுனது அது, 2000-ல ஸ்பீச்வொர்க்ஸ் வாங்குச்சு, அவங்கள 2003-ல ஸ்கேன்சாஃப்ட் வாங்குச்சு, அதுவே 2005-ல நுவான்ஸ்னு பேர மாத்திக்கிச்சு. கை மாறுச்சே ஒழிய உரிமை எங்கயும் போகல. முடிஞ்சுபோச்சுன்னு பலர் நினைச்ச அந்தக் குரல்தான் 2022-ல ஐபோனோட ஐஓஎஸ் 16-ல வந்துச்சு.

கேள்வி: ஏஐ குரல் மனுசன் மாதிரியே பேசுதே, இந்த ரோபோ குரல் எதுக்கு சார்?

பதில்: கதை கேக்க ஏஐ குரல் அருமை. ஆனா நாள் முழுக்க வேலை பாக்குறவங்க ஆரோ கீய தட்டுன உடனே சத்தம் வரணும், அடுத்த தட்டுல பழசு டக்குனு நிக்கணும், ஸ்பீட பல மடங்கு ஏத்துனாலும் எழுத்து குழையக் கூடாது. இந்தப் பழைய குரல்கள் ரெக்கார்டிங் இல்லாம, பார்மென்ட்ங்கிற முறையில சத்தத்த கணக்குப் போட்டே உருவாக்குறதால இதெல்லாம் நடக்குது, பைலும் குட்டி. ஸ்டீபன் ஹாக்கிங் கடைசி வரைக்கும் தன்னோட பழைய ரோபோ குரல விடல, அது அவரோட குரலாவே ஆயிடுச்சு. அதனால "வேற மாத்திக்கோ"ன்னு சொல்றது லேசு, கேக்குறவங்களுக்குத்தான் தெரியும் கஷ்டம்.

கேள்வி: வேற ஸ்க்ரீன் ரீடர்ல இருக்குற டிஎல்எல்ல (குரல் இருக்குற ப்ரோக்ராம் பைல) எடுத்து, இலவச ஸ்க்ரீன் ரீடரான என்விடிஏக்கு ஆட்ஆனா குடுக்கலாமா? காசு வாங்கல, உதவிதானே.

பதில்: குடுக்காதீங்க. காசு வாங்கலைன்னாலும் அது அடுத்தவங்க சரக்கு. அதுவே நீங்க காசு குடுத்து வாங்குன 32-பிட் குரல் 64-பிட் என்விடிஏல லோட் ஆகலையா, அத தனி ப்ராசஸ்ல ஓட்டி பேச்ச மட்டும் இங்க அனுப்புற மாதிரி ஒரு பாலம் எழுதுங்க, அந்தக் கோட தாராளமா ஷேர் பண்ணுங்க, டிஎல்எல் மட்டும் அவங்கவங்க வாங்குனதா இருக்கட்டும். நம்ம பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டம் 52(1)(ab)-யே இன்டர்ஆபரபிலிட்டிக்காக, அதாவது ஒரு ப்ரோக்ராம இன்னொண்ணோட சேத்து ஓட வைக்கிறதுக்காக, தோண்டிப் பாக்க ஓரளவு இடம் குடுக்குது. என் கோவமெல்லாம் வைக்கோல்போர் நாய் மாதிரி, விக்கவும் மாட்டேன் விட்டுக்குடுக்கவும் மாட்டேன்னு உக்காந்திருக்குற ஓனருங்க மேலதான்.

கேள்வி: டெக்டாக்ங்கிற இன்னொரு பழைய குரலோட சோர்ஸ் கோடு நெட்ல கெடக்குதே?

பதில்: கண்ணுல பட்டா லைசென்ஸ் ஆயிடாது. அதுல இன்னொண்ணு, டெக்டாக்ல வர்ற பால்ங்கிற குரல் எம்ஐடி ஆராய்ச்சியாளர் டென்னிஸ் க்ளாட் தன்னோட குரல வச்சே உருவாக்குனது, அவரு 1988-ல இறந்துட்டாரு. ரெக்கார்டிங்க வெட்டி ஒட்டி செய்யுற குரல்ல இந்த விஷயம் இன்னும் பெருசு, ஏன்னா அங்க பேசுனவங்களோட நிஜ சத்தமே உள்ள இருக்கு. கனடாவுல குரல் குடுக்குற கலைஞர் பெவ் ஸ்டாண்டிங், என்னைக் கேக்காம என் குரல யூஸ் பண்ணிட்டாங்கன்னு 2021-ல டிக்டாக் மேல கேஸ் போட்டாங்க, அது சமரசத்துல முடிஞ்சுது. கம்பெனி ஓகே சொன்னாலும் பேசுனவங்க எதுக்கு ஒத்துக்கிட்டாங்கன்னு பாக்கணும், என்னைக் கேட்டா அதத்தான் மொதல்ல பாக்கணும்.

கேள்வி: அப்ப நேர்மையா உயிர்ப்பிச்சது ஒண்ணாவது இருக்கா அண்ணா? நான் என்ன செய்யலாம்?

பதில்: இருக்கே, ஈஸ்பீக்! ஜொனாதன் டடிங்டன் எழுதுனது, அதோட வேலை நின்னுபோனப்ப 2015 கடைசியில மத்தவங்க அந்தக் கோட 'ஈஸ்பீக் என்ஜி' (NG)ங்கிற பேர்ல ஃபோர்க் பண்ணி, அதாவது தனியா பிரிச்சு எடுத்துக்கிட்டாங்க. யாரு வேணும்னாலும் மாத்தலாம், பகிரலாம்ங்கிற ஜிபிஎல் லைசென்ஸ்ங்கிறதால யாரு கால்லயும் விழ வேண்டியதில்ல. அதுல தமிழும் இருக்கு. கடல், மகன், தங்கம் மூணுலயும் 'க' வேற வேற சத்தம் இல்லையா, அந்த மாதிரி விதியெல்லாம் ஒரு சாதா டெக்ஸ்ட் பைல்லதான் இருக்கு, நோட்பேட்லயே திறந்து பாக்கலாம். தப்பா படிக்குற வார்த்தைய குறிச்சு வைங்க, எப்படி படிக்கணும்னு பக்கத்துலயே எழுதி, அந்தக் கோடு இருக்குற கிட்ஹப் தளத்துல போடுங்க. கோடு எழுதத் தெரியலன்னாலும் பரவால்ல, அதுக்கு காது போதும்.