உறைவைக் கரைக்கும் ஊசி ரத்த வகை பார்க்குமா?

ஈரோட்டில் எங்கள் காலை நடைக்குழுவினரும் அவர்களுடைய உறவினர்களும் மாரடைப்பு சிகிச்சை பற்றி எழுதி அனுப்பிய கேள்விகள் இவை. குழுவின் மூத்த உறுப்பினரான ஓய்வுபெற்ற இதய மருத்துவர் பதில் சொல்கிறார்.

பவானி, ஜமக்காள நெசவாளர்: அப்பாவுக்குப் போன மாதம் மாரடைப்பு வந்தது. முதலில் சேர்த்த மருத்துவமனையில் உறைவைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் மருந்தை ஏற்றினார்கள். அடைப்பு கரையவில்லை என்று கோவைக்கு அனுப்பினார்கள். அங்கே ஸ்டென்ட் வைத்தார்கள். அப்பாவுக்கு ஏபி பாசிடிவ். "ஏபி ரத்தத்துக்கு அந்த மருந்து கேட்காது" என்று மாமா அடித்துச் சொல்கிறார். உண்மையா டாக்டர்?

பதில்: தம்பி, உங்கள் மாமா எங்கேயோ பாதியைப் படித்திருக்கிறார். அந்தப் பாதி சரிதான்.

வான் வில்லிபிராண்ட் காரணி என்று ஒரு புரதம் ரத்தத்தில் ஓடுகிறது. 1926இல் பின்லாந்து மருத்துவர் எரிக் வான் வில்லிபிராண்ட் ஒரு குடும்பத்தில் கண்ட ரத்தக்கசிவு நோயை விவரித்தார். அதனால் வந்த பெயர். ரத்தக் குழாய்ச் சுவரில் காயம் பட்டால் ரத்தத் தட்டுகளை (பிளேட்லெட்) அங்கே பிடித்து ஒட்டவைப்பது இதன் வேலை. ஏ, பி வகைகளை உண்டாக்கும் அதே சர்க்கரைத் துணுக்குகள் இந்தப் புரதத்தின் மேலும் அமர்ந்திருக்கின்றன. ஓ வகைக்காரர்களுக்கு அந்தத் துணுக்குகள் இல்லை. அதனால் அவர்களிடம் இந்தப் புரதம் விரைவாகச் சிதைகிறது; மற்றவர்களைவிட ஏறக்குறைய கால் பங்கு குறைவாகவே இருக்கிறது. உறைதலுக்கு உதவும் எட்டாம் காரணியும் அதனுடன் சேர்ந்து குறைகிறது. 2012இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் அமெரிக்காவில் நீண்ட காலம் பின்தொடரப்பட்ட இரண்டு பெரிய குழுக்களை ஆராய்ந்தார்கள். ஓ வகையினரோடு ஒப்பிட்டால் இதயத் தமனி நோய் வரும் வாய்ப்பு ஏ வகையில் 5 சதவீதமும், பி வகையில் 11 சதவீதமும், ஏபி வகையில் 23 சதவீதமும் கூடுதலாக இருந்தது. புகையிலையும் சர்க்கரை நோயும் செய்கிற கெடுதலுக்கு முன்னால் இது சின்னத் தொகை.

இதெல்லாம் உறைவு உண்டாகும் கதை. கரைவது வேறு. உங்கள் தொழிலை வைத்தே சொல்கிறேன். உறைவில் ஃபைப்ரின் என்ற இழைகள்தான் நூல். தட்டுகளும் வில்லிபிராண்ட் புரதமும் அந்த நூலுக்குப் போட்ட கஞ்சி. ஸ்ட்ரெப்டோகைனேஸ் நம் ரத்தத்தில் தூங்கிக் கிடக்கும் பிளாஸ்மினோஜனைப் பிளாஸ்மினாக மாற்றிவிட, அது நூலை அறுக்கிறது. கஞ்சியை அது அவ்வளவாகத் தொடுவதில்லை. அதனால் ஏ, பி, ஏபி வகைகளில் கரைவது சற்றுக் கடினமாக இருக்கலாம் என்று நினைப்பதற்கு நியாயம் இருக்கிறது; சிறிய ஆய்வுகளும் நடந்திருக்கின்றன. ஆனால் படுக்கையருகே நிற்கும் மருத்துவர் ரத்த வகையைப் பார்த்து மருந்தை மாற்றும் அளவுக்கு அவற்றில் பலம் இல்லை. ஐரோப்பிய, அமெரிக்க இதய மருத்துவ நெறிமுறைகள் எதிலும் அப்படி ஒரு விதி கிடையாது.

இன்னொன்றையும் மாமாவிடம் சொல்லுங்கள். கரைக்கும் மருந்துகளை ஒப்பிட்டு 1993இல் வெளியான கஸ்டோ ஆய்வில் 41,000 பேருக்கு மேல் சேர்த்துக்கொள்ளப்பட்டார்கள். அவர்களில் ஒரு பகுதியினருக்கு ஊசிக்குப் பின் 90 நிமிடத்தில் ஆஞ்சியோகிராம் எடுத்துப் பார்த்தார்கள். ஸ்ட்ரெப்டோகைனேஸ் பெற்றவர்களில் ஏறக்குறைய பத்துக்கு மூன்று பேரிடம்தான் ரத்தம் பழைய வேகத்தில் ஓடியது. அதைவிட உயர்ந்த மருந்தான ஆல்டிபிளேஸ் பெற்றவர்களிலும் 54 சதவீதம்தான். எல்லா வகை ரத்தமும் அதில் அடக்கம். உங்கள் அப்பாவுக்குக் கரையாததற்கு ஏபியைத் தேடிப் போக வேண்டியதில்லை.

வகையை எழுதினீர்கள்; வலி எப்போது தொடங்கியது, ஊசி எப்போது ஏறியது என்று எழுதவில்லையே. எனக்கு வேண்டியது அதுதான்.

அதே நெசவாளர்: இரவு 11 மணிக்கு நெஞ்சு அடைக்கிறது என்றார். வாயு என்று நினைத்து ஓமத் தண்ணீர் கொடுத்தோம், சோடா கொடுத்தோம். விடியற்காலை 5 மணிக்கு வேர்த்துக் கொட்டியதும் காரில் கூட்டிப்போனோம். 6 மணிக்கு ஊசி.

பதில்: ஏழு மணி நேரம். விடை இங்கே இருக்கிறது. நேரம் ஆக ஆக ஃபைப்ரின் இழைகள் ஒன்றோடொன்று பின்னிக் கெட்டிப்படுகின்றன. மருந்து உள்ளே நுழைய வழி குறைகிறது. தசையும் செத்துக்கொண்டே வருகிறது. 1996இல் லான்செட் மருத்துவ இதழில் 22 ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்டார்கள். வலி தொடங்கிய முதல் மணி நேரத்துக்குள் ஊசி போட்டால் ஆயிரம் பேருக்கு 65 உயிர் கூடுதலாகத் தப்புகிறது. இரண்டாம் மணியில் 37. மூன்றாம் மணியில் 26. ரத்த வகையால் இத்தனை வித்தியாசம் எனக்குத் தெரிந்து எந்த ஆய்விலும் வந்ததில்லை.

வாயுவா, இதயமா என்று வீட்டில் வைத்துக் கண்டுபிடிக்க யாராலும் முடியாது, என்னாலும் முடியாது. ஈசிஜி எடுத்தால்தான் தெரியும். ஓமத் தண்ணீர்மேல் எனக்குக் கோபம் இல்லை, அதைக் குடித்துவிட்டு விடியும்வரை காத்திருப்பதில்தான் கோபம்.

கோபிசெட்டிபாளையம், கல்லூரி மாணவி: அப்புச்சியை மருத்துவமனையில் சேர்த்தவுடன் ரத்த வகை பார்க்க ரத்தம் எடுத்தார்கள். ஊசிக்காகத்தான் எடுத்தார்கள் என்று நினைத்தேன்.

பதில்: இல்லை அம்மிணி. கரைக்கும் ஊசியால் ரத்தக்கசிவு ஏற்பட்டு ரத்தம் ஏற்ற நேர்ந்தால் கையில் வகை தெரிந்திருக்க வேண்டும், அதற்காக. அந்த முடிவு வரும்வரை ஊசியை நிறுத்திவைக்க மாட்டார்கள், நிறுத்தவும் கூடாது. டெனெக்டிபிளேஸ் என்ற இன்னொரு கரைக்கும் மருந்து என்றால் அவர்கள் கேட்பது எடை, வயது. 30 முதல் 50 மில்லிகிராம் வரை எடைக்கேற்ற அளவு, ஒரே ஊசியில் முடிந்துவிடும். மிகவும் முதியவர்களுக்கு அளவைப் பாதியாக்குவார்கள். ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்றால் எடை பார்ப்பதில்லை: 15 லட்சம் யூனிட், சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரத்துக்குள்.

திருப்பூர், பனியன் கம்பெனி மேற்பார்வையாளர்: மூன்று வருடத்துக்கு முன் எனக்கு ஸ்ட்ரெப்டோகைனேஸ் போட்டுக் குணமாயிற்று. மறுபடி வந்தால் அதையே கேட்டு வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அது ஒருவகைப் பாக்டீரியாவிலிருந்து எடுக்கப்படும் மருந்து. உடம்பு அதற்கு எதிர்ப்பொருள் தயாரித்து வருடக்கணக்கில் வைத்திருக்கும். இரண்டாவது முறை போட்டால் மருந்து வேலை செய்யாமல் போகலாம், ஒவ்வாமையும் வரலாம். மருந்து கேட்குமா, கேட்காதா என்று கவலைப்படுகிறவர்கள் ரத்த வகையை விட்டுவிட்டு இதைக் கவனிக்கலாம். மருத்துவமனையில் கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டை பர்ஸில் வையுங்கள். நினைவில்லாமல் கிடந்தால் உங்களுக்காக அதுதான் பேச வேண்டும்.

பெருந்துறை, ஆசிரியை: எனக்கு ஓ வகை. உறையும் தன்மை குறைவு என்றால், இந்த ஊசி போட்டால் மூளையில் ரத்தம் கசியும் அபாயம் எனக்கு அதிகமா?

பதில்: நன்றாக யோசித்துக் கேட்டிருக்கிறீர்கள். மூளைக்கசிவு நூற்றில் ஒருவருக்கு அல்லது அதற்கும் குறைவாக நேர்கிற ஆபத்து. யாருக்கு அதிகம் என்று பார்க்கும்போது மருத்துவர் எடைபோடுவது முதுமை, குறைந்த உடல் எடை, கட்டுக்கடங்காத ரத்த அழுத்தம், பழைய பக்கவாதம் ஆகியவற்றை. முன்பே மூளையில் ரத்தம் கசிந்தவருக்கு இந்த ஊசியே கிடையாது. ஓ வகை அந்தப் பட்டியலில் இல்லை. உங்கள் ரத்த அழுத்த மாத்திரையை விடாமல் சாப்பிடுங்கள், அது பட்டியலில் இருக்கிறது.

பொள்ளாச்சி, தென்னை விவசாயி: ரத்த வகைக்கேற்ற உணவு என்று ஒரு புத்தகம் விற்கிறார்கள். மாரடைப்புக்கு உதவுமா? எனக்கு பி நெகடிவ்.

பதில்: உதவாது. 2014இல் டொரண்டோ பல்கலைக்கழகத்தார் சோதித்தார்கள். காய்கறி கூட்டிச் சாப்பிட்டவர்களுக்கு நன்மை இருந்தது. அவர்கள் எந்த வகையினர் என்பதால் அது மாறவில்லை. நெகடிவ், பாசிடிவுக்கும் இந்த விஷயத்தில் வேலை இல்லை.

தாளவாடி, மளிகைக் கடைக்காரர்: நாங்கள் மலைமேல் இருக்கிறோம். அப்பாருக்கு 70 வயது, சர்க்கரை உண்டு. திடீரென்று வந்துவிட்டால் திம்பம் வழியாகச் சத்தியமங்கலம் இறங்கி, கோவை போய் நேராக ஸ்டென்ட் வைப்பதா? இல்லை, பக்கத்தில் ஊசி போட்டுக்கொள்வதா? பெரிய மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும் என்கிறான் தம்பி.

பதில்: இத்தனை கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இது. ஈசிஜியில் பெரிய மாரடைப்பு என்று தெரிந்ததிலிருந்து 120 நிமிடத்துக்குள் அடைப்பை பலூனால் திறக்க முடியுமானால் ஊசியைவிட அதுவே மேல். தாளவாடியிலிருந்து கோவைக்கு அது நடக்காத காரியம். அப்படிப்பட்ட இடத்தில், ஈசிஜி பார்த்த பத்து நிமிடத்தில் ஊசி போட்டுவிட வேண்டும் என்பதுதான் ஐரோப்பிய நெறிமுறை. தமிழ்நாட்டிலேயே சிறிய மருத்துவமனையில் ஊசி, பிறகு பெரிய மருத்துவமனையில் ஆஞ்சியோகிராம் என்று இணைத்துச் செய்து பார்த்து, பலன் கிடைத்ததை 2017இல் வெளியிட்டார்கள்.

ஆகவே இன்றைக்கே இரண்டு இடங்களில் விசாரித்து வையுங்கள்: உங்கள் ஊர் அரசு மருத்துவமனையில் இரவிலும் ஈசிஜி எடுத்துக் கரைக்கும் ஊசி போடுகிறார்களா, சாமராஜநகரில் எப்படி என்று. சாமராஜநகர் பக்கம் என்றால் அங்கேயே போங்கள், மாநில எல்லையை அப்பாருவின் இதயம் பார்க்காது. 2023இல் வந்த இதயம் காப்போம் திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே ஆஸ்பிரின், குளோபிடோகிரல், அட்டார்வாஸ்டேட்டின் முதல் தவணையைக் கொடுக்கிறார்கள்; வழியில் அதையும் விடாதீர்கள். 108ஐ அழைக்கும்போதே "நெஞ்சு வலி, சர்க்கரை நோயாளி" என்று சொல்லுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு வலி இல்லாமல் வெறும் மூச்சுத் திணறலாக, அசதியாகவும் வரும்.

ஊசி போட்ட ஒன்றிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் மறுபடி ஈசிஜி எடுப்பார்கள். முதல் ஈசிஜியில் மேலெழுந்து தெரிந்த கோடு பாதிக்கு மேல் இறங்கவில்லை என்றால் கரையவில்லை என்று பொருள். உடனே ஸ்டென்ட் வசதி உள்ள இடத்துக்கு அனுப்புவார்கள். இறங்கிவிட்டாலும் 24 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோகிராம் எடுக்க வேண்டும். திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் தம்பி அப்போது இறங்கட்டும், ஆம்புலன்ஸில், கையில் இரண்டு ஈசிஜிகளோடு.