பிரம்பு நார்நாராகிறது, கமகோங் தடி வாங்கலாமா?

கேள்வி: பிலிப்பைன்ஸின் டாவோ நகரில் மருத்துவம் படிக்கிறேன். நண்பர்களோடு அர்னிஸ் என்னும் இந்நாட்டுத் தடிச் சண்டைக் கலை வகுப்பில் சேர்ந்து சில வாரங்கள் ஆகின்றன. அதற்குள் என் பிரம்புத் தடி நார்நாராகப் பிரிந்துவிட்டது. விலை கூடினாலும் கமகோங் மரத் தடிக்கு மாறிவிடலாமா?

பதில்: வேண்டாம். நாராகப் பிரிவதுதான் பிரம்பின் நல்ல குணம். அடியின் வேகத்தை அது தானே வாங்கிக்கொண்டு தேய்கிறது. கமகோங் கருங்காலிக் குடும்பத்து மரம். தண்ணீரில் மூழ்கும் அளவுக்குக் கனம். மோதலின் அதிர்வு நேரே மணிக்கட்டுக்கு ஏறும். தாங்காதபோது சொல்லாமல் கொள்ளாமல் உடைந்து சில்லுகளாகத் தெறிக்கும். தனியாக வீசிப் பழக வைத்துக்கொள்ளலாம். எதிரே ஆள் நிற்கும்போது எடுக்கக் கூடாது.

அர்னிஸில் முதல் குறியே எதிராளியின் ஆயுதம் பிடித்த கைதான். வகுப்பில் தடியோடு தடி மோதுவதெல்லாம் பழகுவதற்கான ஏற்பாடு. நான்கு விரற்கடை பிசகினால் அடி விரல் கணுவில் விழும். நாளை தையல் போட வேண்டிய விரல்கள் உங்களுடையவை! 2019 தென்கிழக்கு ஆசிய விளையாட்டுப் போட்டியில்கூட அர்னிஸ் வீரர்கள் தலைக்கவசமும் உடற்கவசமும் அணிந்துதான் மோதினார்கள்.

இருக்கும் தடியின் ஆயுளை நீட்டிக்க வழி உண்டு. கைக்கொரு தடியாக இரண்டை வீசும் சினவாலி பழகும்போது இரு தடிகளும் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் மோதும். வேகம் கூடினால் கருகல் வாடைகூட எழும். அந்த இடம்தான் முதலில் பிரியும். எனவே அவ்வப்போது தடியைக் கைக்குள் சற்றே உருட்டிப் பிடியுங்கள்; வாரம் ஒருமுறை தலைகீழாக மாற்றுங்கள். நார் எழுந்ததும் இன்சுலேஷன் டேப்பை இறுக்கிச் சுற்றுங்கள். தெறிக்கும் நார் கண்ணில் படும், கண்ணாடி கட்டாயம். மோதும் ஓசை மந்தமாகி, அழுத்தினால் உள்ளே கொழகொழத்தால் தூக்கிப் போட்டுவிடலாம்.

அடுத்த தடி சுமார் 28 அங்குல நீளமும் ஓர் அங்குலத் தடிமனும் இருக்கட்டும். கணுக்கள் நெருக்கமாக உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். தரையில் உருட்டினால் கோணல் தெரிந்துவிடும். இரண்டாக வாங்குங்கள், சினவாலிக்கு ஒரே கனத்தில் ஜோடி தேவை.

விடுமுறைக்கு ஊருக்கு எடுத்து வருவதானால் பெரிய பெட்டிக்குள் வையுங்கள். கைப்பையில் இருந்தால் விமான நிலையச் சோதனையில் பிடுங்கி வைத்துக்கொள்வார்கள்.